வாசித்துச் சொல்லாத பத்தி

எனக்குச் சிவப்பு மையில் திருத்துவது பிடிக்காது. பிள்ளைகளின் நோட்டில் அடிபட்ட காயம் மாதிரித் தெரியும். இருபத்திரண்டு வருஷமாகப் பென்சிலால்தான் திருத்துகிறேன். பிடிக்காவிட்டால் அவர்கள் அழித்துக்கொள்ளலாம். பள்ளிக் கமிட்டிச் செயலாளர் கணேசபாண்டியன் அவர்களே, ஆபிதா விஷயத்தில் நடந்ததை ஒளிக்காமல் எழுதித் தரச் சொல்லியிருக்கிறீர்கள். எழுதச் சொல்லிக்கொடுப்பதுதான் என் பிழைப்பு. அதனால் இதில் எனக்குச் சிரமம் ஒன்றுமில்லை.

மாட்டுங்காவிலிருந்து தாராவிக்கு வந்து போகும் பாகீரதி டீச்சரை நீங்கள் அறிவீர்கள். வகுப்பில் நான் என்ன செய்கிறேன் என்பதை அறிய மாட்டீர்கள். தமிழ் மீடியம் பள்ளியில் ஆங்கிலம் எடுக்கிறவள், போர்டில் எழுதிப்போட்டு "பார்த்து எழுதுங்கோ" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டால் ஏனென்று கேட்க நாதியில்லை. நான் அப்படி உட்கார்ந்ததில்லை. முதலில் நிறுத்தாமல் எழுது. மூன்று நாள் தொடாதே. பிறகு எடுத்து மூன்றில் ஒரு பங்கை வெட்டு. உரக்க வாசி, நாக்கு தடுக்கும் இடத்தில் கோடு போடு. அப்புறம்தான் நல்ல பிரதி. வெட்ட மனசு வராதவர்களுக்கு எழுத வராது என்று ஏழாம் வகுப்பில் வருஷா வருஷம் சொல்லி வருகிறேன்.

இந்தப் பாடத்தை முழுசாகப் பிடித்துக்கொண்டவள் ஒருத்திதான். பை தைக்கும் பட்டறை வைத்திருந்த கரீம் பாட்சாவின் மூத்த மகள் ஆபிதா. எண்பத்திரண்டில் என் வகுப்புக்கு வந்தாள். பள்ளி விட்ட பிறகும் உட்கார்ந்திருப்பாள். என் அப்பா எனக்கு வாங்கித் தந்த அகராதியை அவளிடம் கொடுத்தேன். எனக்குப் பிள்ளை குட்டி கிடையாது. அவளை என் கைவேலை என்றே நினைத்தேன். அதை இப்போது ஒளிப்பதில் லாபமில்லை.

நம் பள்ளி ஏழாம் வகுப்போடு முடிகிறது. எட்டாம் வகுப்புக்குத் தொண்ணூறடி ரோட்டைத் தாண்டி மகளைத் தினமும் அனுப்பப் பாட்சாவுக்கு மனசில்லை. அந்த வருஷம் பூனா பக்கத்தில் ஒரு பெண்கள் விடுதிப் பள்ளி, பம்பாய்ப் பிள்ளைகளுக்கு ஆங்கிலக் கட்டுரைப் போட்டி வைத்தது. தேர்ந்தால் மெட்ரிக் வரைக்கும் தங்கிப் படிக்கலாம். "ஆஸ்டல்னா சரி டீச்சரம்மா, நாலு செவுத்துக்குள்ள இருப்பா, படிக்கட்டும்" என்று பாட்சா போட்டிப் படிவத்தில் சந்தோஷமாகக் கைநாட்டு வைத்தார். இது கிடைத்தால் படிப்பு. கிடைக்காவிட்டால் வீடு, பிறகு கல்யாணம். எங்கள் மூன்று பேருக்கும் இது தெரியும்.

ஆபிதா தன் வாப்பாவைப் பற்றி எழுதிக்கொண்டு வந்தாள். பள்ளிக்கூடப் பை ஒன்றைத் தைத்து முடித்ததும் அவர் அதைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, பட்டறைக்குள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து பார்ப்பாராம். பள்ளிக்கூடம் பக்கமே போகாத மனிதர். அந்த இடம் விஷயத்துக்கு வெளியே போகிறது என்று முதல் வாரமே வெட்டினேன். பதினோரு வாரம் வேலை செய்தோம். கடைசியில் உழைப்பின் உயர்வைப் பற்றிக் குறை சொல்ல முடியாத ஒரு கட்டுரை வந்தது. வீட்டில் நல்ல பிரதி எடுத்துத் தபாலில் சேர்த்துவிட்டேன் என்று அவள் சொன்னாள்; நான் நம்பினேன்.

இனி நம் சந்துகளில் உள்ள ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் எது வந்தாலும் என்னிடம் கொண்டுவருவார்கள். முனிசிபாலிட்டி நோட்டீஸ், துபாயிலிருந்து வரும் விசா காகிதம், ஆஸ்பத்திரிச் சீட்டு, எல்லாம். நான் முழுவதையும் மனசுக்குள் படித்துவிட்டு, சாரத்தைத் தமிழில் சொல்வேன். "அவ்வளவுதானா?" என்று இத்தனை வருஷத்தில் ஒருவரும் கேட்டதில்லை.

எண்பத்து மூன்று மே மாதம், லீவில், பாட்சா என் வீட்டுக்கு வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டார். "டீச்சரம்மா, இங்கிலீசுல கடுதாசி வந்திருக்கு. புள்ளையும் அவ உம்மாவும் ஊருக்குப் போயிருக்காக. என்ன போட்டிருக்குன்னு பாருங்க" என்றார்.

படித்தேன். வந்த நானூறு கட்டுரைகளில் பெரியவர்கள் கை படாதது என்று நம்பக்கூடியது இது ஒன்றுதான் என்று எழுதியிருந்தார்கள். பிழைகள் இருந்தனவாம், பரவாயில்லையாம். தகப்பனார் பையை மாட்டிக்கொண்டு நடக்கும் இடத்தை ஆசிரியர்கள் கூட்டத்தில் உரக்க வாசித்தார்களாம்.

அவள் முதலில் கிறுக்கிய பிரதியை அனுப்பியிருக்கிறாள். வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்பார்கள். பாய்கிற கடாவையாவது கண்ணால் பார்க்கலாம். இவள் பதினோரு வாரம் என் எதிரில் உட்கார்ந்து, "சரி டீச்சர், சரி டீச்சர்" என்று தலையாட்டி, நம்ப வைத்துக் கழுத்தறுத்தாள். ஆத்திரத்தில் செய்துவிட்டேன் என்று எழுதினால் உங்களுக்கு வசதியாக இருக்கும். ஆத்திரம் இல்லை. இரண்டாவது பத்தியை நிதானமாக இரண்டு முறை படித்தேன். ஆபிதாவுக்கு இடம் உண்டு என்றும், மே முப்பத்தொன்றுக்குள் தகப்பனார் சம்மதம் எழுதி அனுப்ப வேண்டும் என்றும் அதில் இருந்தது.

"எடம் கெடச்சிருச்சா டீச்சரம்மா?"

"இடம் இல்லை, பாட்சா பாய். ஆனா ரொம்பப் பாராட்டி எழுதியிருக்கா. டீச்சர் நன்னா திருத்தியிருக்கார்னும் போட்டிருக்கு."

அந்தக் கடைசி வாக்கியம் கடிதத்தில் இல்லை. இருந்திருக்க வேண்டும்.

அவர் கடிதத்தைத் திரும்ப வாங்கி, அதிலிருந்த முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, "அதுக்கென்ன செய்ய. முத்திர போட்டு எம்புள்ளயப் பாராட்டியிருக்கான்லா. எல்லாம் ஒங்களாலதான். இத கண்ணாடி போட்டு மாட்டிருதேன்" என்றார். இதை நான் எதிர்பார்க்கவில்லை. வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார். தாராளமா மாட்டுங்கோ என்றேன்.

மாட்டிவிட்டார், பட்டறைச் சுவரில், தையல் மெஷினுக்கு மேலே. சரக்கு எடுக்க வந்த சேட்டுகளெல்லாம் முத்திரையைப் பார்த்துத் தலையாட்டினார்கள். கண்ணாடி போட்டு மாட்டிய காகிதத்தை யார் வரிவரியாகப் படிக்கிறார்கள்?

ஆபிதா படித்தாள். ஜூன் பதின்மூன்றாம் தேதி, பள்ளி திறந்த அன்றைக்கே என்னைத் தேடி ஓடிவந்தாள். "டீச்சர், எடம் கெடச்சதுன்னு போட்டிருக்கே. வாப்பாட்ட நீங்க வாசிச்சுச் சொல்லலையா?"

"முழுசும் வாசிச்சேன், ஆபிதா. பொம்பளைப் பிள்ளைக்கு ஆஸ்டல் என்னத்துக்குன்னுட்டார். உங்கிட்ட சொல்ல வேண்டாம்னும் கேட்டுண்டார். அவரைக் கேட்டு நோகடிக்காதே."

அவள் அழவில்லை. கைநாட்டு வைத்த கையே மாறிவிட்டது என்பதை நம்ப அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. நான் சொன்னதனால் நம்பினாள்.

இரண்டு நாள் கழித்து அந்த விடுதிப் பள்ளியிலிருந்து நம் பள்ளிக்கு ஒரு கடிதம் வந்தது. பதில் வரவில்லையே, இருபதாம் தேதி வரை காத்திருக்கிறோம் என்று கேட்டிருந்தார்கள். ஆங்கிலத் தபாலை நான்தான் பிரிப்பது வழக்கம். பதிலும் நானே எழுதினேன். தகப்பனாருக்கு விருப்பமில்லை; மன்னிக்கவும். இரண்டே வாக்கியம், திருத்த வேண்டியிருக்கவில்லை.

ஆபிதா வீட்டோடு இருந்தாள். வாப்பாவோடு பேசுவதை விட்டுவிட்டாள். அவரோ வருகிறவர் போகிறவரையெல்லாம் அந்தக் கடிதத்துக்கு முன்னால் நிறுத்தி, "எம்புள்ளக்கி வந்தது" என்று காட்டிக்கொண்டிருந்தார். கீழே உட்கார்ந்து ஜிப் தைத்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று நான் யோசித்திருக்கிறேன். ஒரு தடவை அவர் எனக்கென்று ஒரு தோல் பை தைத்துக் கொண்டுவந்து கேட்டார்: "டீச்சரம்மா, புள்ள எங்கிட்ட மொகங்குடுத்துப் பேச மாட்டேங்கா. நா என்ன தப்புப் பண்ணுனேன்? ஒங்ககிட்ட ஏதும் சொன்னாளா?" வயசு அப்படி, சரியாயிடும் என்றேன். பையை வாங்கிக்கொண்டேன். நல்ல தையல், இன்றுவரை விட்டுப்போகவில்லை.

பதினாறு வயதில் உல்லாஸ்நகரில் துணிக்கடை வைத்திருக்கும் ஒருவருக்கு நிக்காஹ் செய்து கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அவள் தாராவிப் பக்கம் வரவில்லை. போன மாதம் பாட்சா இறந்துபோனார். ஆள் போய்ச் சொல்லியும் ஆபிதா வரவில்லை.

மூன்றாம் நாள் பட்டறையை ஒழித்துப்போடும்போது இளையவள் சைனப் அந்தக் கண்ணாடிச் சட்டத்தை இறக்கித் துடைத்திருக்கிறாள். அவளும் இந்த வருஷம் என் வகுப்பில்தான் படிக்கிறாள். எதையும் கடைசி வரி வரைக்கும் படி என்று நான்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். படித்துவிட்டு, "உம்மா, லாத்தாவ ஆஸ்டல்ல சேத்துக்கிடுதோம்னுல்லா போட்டிருக்கு" என்று அக்காவைப் பற்றிச் சொன்னாளாம். அந்த அம்மாள், வாப்பாவுக்கு அப்படி ஒரு சேதியே தெரியாது என்று அழுதாளாம். புருஷனை இழந்தவள் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாத இத்தா நாட்கள் என்றும் பாராமல், சட்டத்தைத் தூக்கிக்கொண்டு தாயும் மகளும் உல்லாஸ்நகருக்கு ரயிலேறினார்கள்.

போன வியாழக்கிழமை ஆபிதா நம் ஆசிரியர் அறைக்கு வந்தாள். என்னைவிட உயரமாகிவிட்டாள். சட்டத்தை மேஜைமேல் வைத்தாள். குரலை உயர்த்தவில்லை.

"மௌத்தாகுற வரைக்கும் எம்பேரச் சொல்லித்தான் கூப்பிட்டாகளாம். மய்யித்து மொகத்தக்கூட நான் பாக்கல, டீச்சர். அஞ்சு வருசமா அவுகளப் பாவின்னு நெனச்சிட்டு இருந்தேன். ஏன் டீச்சர் இப்படிச் செஞ்சீங்க?"

நான் பதில் சொல்லவில்லை. அங்கிருந்து அவள் நேரே உங்களிடம் வந்தாள். அவளுக்குச் சொல்லாத பதிலைத்தான் உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே, ஆமாம். கிடைத்த இடத்தை மறைத்தது நான். தகப்பன்மேல் பழியைப் போட்டது நான். கேட்டு எழுதியவர்களுக்கு வேண்டாம் என்று எழுதியதும் நான். மூன்றையும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடுகிறேன். நீங்கள் என்னை வேலையை விட்டு நீக்கினாலும், போலீஸில் கொடுத்தாலும் தடை சொல்லமாட்டேன். ஆனால் ஒன்றை உங்கள் கமிட்டி கவனிக்க வேண்டும். அன்றைக்கு அவள் முக்கால் மணி நேரம் என் எதிரில் இருந்தாள். வாப்பாவைப் பற்றிச் சொன்னாள், உம்மாவைப் பற்றிச் சொன்னாள், போன ஐந்து வருஷத்தைப் பற்றிச் சொன்னாள். என் கட்டுரையைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்றை அனுப்பினாளே, அதற்கு இன்றுவரை அவள் என்னிடம் ஒரு மன்னிப்புக் கேட்கவில்லை.