எழுபதுக்குப் பன்னிரண்டு

— இல்லம்மா, இந்தக் காசும் தேறாது. எடுத்து பையில வைங்க.

— லென்ஸ் வச்சுப் பாக்கவே இல்லையேண்ணா.

— இதுக்கு லென்ஸ் எதுக்கு? கண்ணை மூடிக்கிட்டே சொல்வேன். விரலை வச்சுத் தடவிப் பாருங்க. ராணி மூக்கு தட்டுப்படுதா? தேஞ்ச சோப்பு மாதிரி வழவழன்னு இருக்கு.

— போன வாரம் கொண்டுவந்ததுக்கும் இதையேதான் சொன்னீங்க.

— போன வாரம் செவ்வாய், வெள்ளி ரெண்டு நாளும் சொன்னேன். அதுக்கு முந்தின வாரமும் சொன்னேன். நீங்களும் சளைக்காம வர்றீங்க, நானும் சளைக்காம சொல்றேன்.

— வீட்டுல அவர் கேக்க மாட்டேங்கறாரே. காசை கிரேடிங் கம்பெனிக்கு அனுப்பி, மார்க் போட்டு, பிளாஸ்டிக் பெட்டியில சீல் வச்சு வாங்கணுமாம். கண்ணை மூடறதுக்குள்ள அதைப் பாத்துடணுமாம்.

— அப்படியெல்லாம் பேசாதீங்கம்மா. இப்ப எப்படி இருக்காரு?

— ஆஸ்பத்திரியில வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னுட்டாங்க. காலுக்கு ரத்த ஓட்டமே இல்லை, புண்ணு எலும்பு வரைக்கும் போயிடுச்சு. காலை எடுக்கலாம்னா இதயம் தாங்காதாம். இருக்கற வரைக்கும் மருந்தும் கட்டும்தான்.

— கடவுள் இருக்காரும்மா.

— இருக்காருண்ணா. எங்க வீட்டுப் பக்கம்தான் வரக் காணோம்.

— சரி, உக்காருங்க. விளக்கமாவே சொல்லிடறேன், அவர்கிட்ட அப்படியே போய்ச் சொல்லுங்க. இந்த லைட்டுக்கு அடியில காசைக் கொஞ்சம் சாய்ச்சுப் பிடிக்கணும். காசுல மேடான இடம் எதுவோ அதுதான் முதல்ல தேயும். காதுக்கு மேல முடி, புருவம், கன்னம், கிரீடத்துல இருக்கற மணி. புதுக்காசுல அந்த மணியை ஒண்ணொண்ணா எண்ணலாம். நூறு கை மாறினா மணியெல்லாம் ஒட்டிக்கும். லட்சம் கை மாறினா இதோ, கிரீடம் தொப்பி ஆயிடும்.

— ஆமா, மழைக்குத் தொப்பி போட்ட மாதிரிதான் இருக்கு.

— பின்பக்கம் பூ வளையம். இதழ் எங்க? வெறும் வளையல் மாதிரி கிடக்கு. மார்க் எழுபதுக்குப் போடுவாங்க. புழங்காத காசுக்கு அறுபதும் அதுக்கு மேலயும். இதுக்குப் பன்னெண்டு கிடைச்சா பெரிசு.

— பன்னெண்டுன்னே போட்டுத் தரட்டுமே.

— நல்லாப் போட்டுத் தருவாங்க. ஃபீஸ் எழுநூறு. போக வர கூரியர் இருநூறு. இந்தக் காசு வெறுமனே வித்தா நாப்பது, சீல் வச்சு வித்தா அம்பது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

— அப்ப யாருதான் அனுப்பறாங்க?

— அபூர்வமான வருஷத்துக் காசா இருக்கணும். போலியோன்னு நாலு பேர் சந்தேகப்படற காசா இருக்கணும். இல்லைன்னா ஒரு மார்க் கூடினா விலை ரெண்டு மடங்கு ஆகற காசா இருக்கணும். அதுக்குக் கட்டின ஃபீஸ் திரும்பி வரும். மத்ததெல்லாம் வெட்டிச் செலவு. அனுப்பினா எனக்குக் கமிஷன் உண்டும்மா, வாயை மூடிட்டு வாங்கிப் போட்டுக்கலாம். ஆனா அது உங்க மருந்துக் காசு. எனக்குச் சோறு தொண்டையில இறங்காது.

— அது தெரிஞ்சுதாண்ணா வேற கடைக்குப் போகாம இங்க வர்றேன்.

— ஒண்ணு செய்யட்டுமா? என்கிட்ட காலிப் பெட்டி கிடக்கு. நானே இதை அதுல போட்டு, அம்பதுன்னு எழுதிக் குடுத்துடறேன். மனுஷன் சந்தோஷமா இருக்கட்டும்.

— அவருகிட்டயா? முப்பது வருஷம் பஸ்ல கண்டக்டர்ண்ணா. கள்ளக்காசைத் தொட்ட உடனே டிரைவருக்கு விசில் குடுக்கற ஆளு. பெட்டியைப் பாத்தாலே சிரிச்சுடுவாரு.

— பாத்தீங்களா, காசு விஷயத்துல பொய்யே சொன்னதில்லைன்னு சாமி முன்னால நிக்கற ஆளு நான். என்னையே பொய் சொல்லப் பாக்க வச்சுட்டீங்க. சரி, அவர் சேத்து வச்சிருக்கற டப்பாவுல மொத்தம் எத்தனை காசு இருக்கும்?

— இருநூறுக்கு மேல. பஸ்ல டிக்கெட் பையில பழைய காசு விழுந்தா தன் கைக்காசைப் போட்டுட்டு அதை எடுத்துக்குவாரு.

— இருநூறுல ஒண்ணு கூடவா உருப்படியா இருக்காது? தேடித் தேடி மொட்டைக் காசாவே குடுத்து விடறாரே.

— அவரேதான் பொறுக்கித் தர்றாரு. டப்பாவை நான் தொடக் கூடாது.

— போன் போட்டுக் குடுங்க, நான் பேசறேன். உங்களை இந்த வெயில்ல ரெண்டு பஸ் மாறி அலைய விடறது நியாயமே இல்லை.

— வேண்டாம்ண்ணா. பாவம், மனசு விட்டுடுவாரு.

— பக்குவமாப் பேசறேன். போடுங்கம்மா.

— இந்தாங்க. மணி அடிக்குது.

— ஹலோ, வணக்கம். காசுக் கடையில இருந்து பேசறேன்.

— அடடே, முதலாளியா! இன்னைக்கு என் ராணிக்கு எத்தனை மார்க்?

— எழுபதுக்குப் பன்னெண்டு. அதுவும் தாராளமாப் போட்டது.

— பன்னெண்டா? நான் எட்டுன்னு நெனச்சேன். பின்னால பூவே பாதிதான். ஓரத்துல ஒரு வெட்டு வேற இருக்கு, பாத்தீங்களா?

— வெட்டா? இருங்க… ஆமா, இருக்கு. அப்ப தெரிஞ்சேதான் அனுப்பறீங்களா? இந்தம்மா இங்க வேகாத வெயில்ல—

— முதலாளி, அவ பக்கத்துல இருக்காளா? கொஞ்சம் இறங்கி வெளிய வாங்க. படியில நிக்காதீங்க.

— அம்மா, சிக்னல் விட்டு விட்டு வருது. தெருவுக்குப் போய்ப் பேசிட்டு வந்துடறேன். தண்ணி குடிங்க, ஃபேனுக்கு அடியில உக்காருங்க… சொல்லுங்க, வெளிய வந்துட்டேன்.

— எனக்கு நேரமில்லை. கட்டு மாத்தற தம்பி இப்பத்தான் வந்தாரு, கையைக் கழுவிட்டு இருக்காரு. செவ்வாயும் வெள்ளியும் வருவாரு. ஒட்டின துணியைப் பிரிச்சு, அழுகினதைச் சுரண்டி எடுக்கணும். முதல் தடவை என் தலையை மடியில வச்சுக்கிட்டு அவ உக்காந்திருந்தா. அவளுக்காகப் பல்லைக் கடிச்சேன், கடைவாய்ப் பல்லு உடைஞ்சுது. அப்புறம் கத்திட்டேன். ரெண்டு நாள் அவ சோத்தைத் தொடலை.

— ஐயோ.

— இப்பல்லாம் மரத்துப் போச்சு, வலியே இல்லைன்னு சொல்லி வச்சிருக்கேன். காய் வாங்க அனுப்பினா பத்தே நிமிஷத்துல ஓடி வந்துடறா. உங்க கடைக்குன்னா போக முக்கா மணி, வர முக்கா மணி. நல்ல காசாக் குடுத்து விட்டு, நீங்க அனுப்பலாம்னு சொல்லிட்டா ஃபீஸைக் கட்டிடுவா. அதான் மொட்டையாப் பாத்துப் பொறுக்கறேன்.

— நான் ஒரு மடையன். வந்த அஞ்சு நிமிஷத்துல தேறாதுன்னு திருப்பி அனுப்பிட்டு இருந்தேன்.

— போன வெள்ளிக்கிழமை அப்படித்தான் ஆயிடுச்சு. நல்ல வேளை, அவ கதவைத் தட்டும்போது எல்லாம் முடிஞ்சிருந்துது. இன்னைக்குத் தம்பி ரொம்ப லேட். அரை மணி நேரம் அவளைப் பிடிச்சு வைங்க முதலாளி. தெரிஞ்சா அப்புறம் என் பக்கத்தை விட்டு நகர மாட்டா.

— அது என் பொறுப்பு. நீங்க கவலைப்படாதீங்க. உங்களுக்காக வேண்டிக்கறேன்.

— வேண்டிக்கங்க, அதுக்கு டிக்கெட் கிடையாது. தம்பி கத்திரியை எடுத்துட்டாரு. வைக்கறேன். ரைட், போலாம்.

— வந்துட்டேன்மா. தண்ணி குடிச்சீங்களா?

— என்னண்ணா சொன்னாரு? முகமே ஒரு மாதிரி இருக்கு. திட்டினாரா?

— சேச்சே. வெயிலும்மா, வேற ஒண்ணுமில்லை. ஓரத்துல ஒரு வெட்டு இருக்குன்னாரு, நான் அதைக் கவனிக்கவே இல்லை. என்னை விட நல்ல கண்ணு அவருக்கு. அம்மா, அவசரப்பட்டுத் தேறாதுன்னுட்டேன், என் தப்புதான். லென்ஸ் வச்சு, எடை போட்டு, புத்தகத்துல வருஷத்தைத் தேடி, எல்லாத்தையும் முதல்ல இருந்து பாக்கணும். அரை மணி ஆகும். டீ சொல்றேன், இருப்பீங்களா?

— இருக்கேன். முக்கா மணி ஆனாலும் நிதானமாவே பாருங்கண்ணா. போன வெள்ளிக்கிழமை சீக்கிரம் போயிட்டேன். அவர் கத்தி ஓயற வரைக்கும் மாடிப்படியிலேயே நின்னுட்டு, அப்புறம்தான் கதவைத் தட்டினேன். எனக்குத் தெரியும்னு மட்டும் அவர்கிட்ட சொல்லிடாதீங்க.