ஓட்டம் முடியும்வரை உயிரோடிருந்தவர்

பெயர் ஹெஸ்டர் வின்ட்ரிங்ஹம். வயது 41. காலஞ்சென்ற மார்மடூக் வின்ட்ரிங்ஹமின் மனைவி. விலாசம் மூர்கேட் பண்ணை, ஸ்கெல்பி, யார்க்‌ஷயர். 1764 செப்டம்பர் 3ஆம் தேதி நீதிபதி முன்னிலையில், எவர் வற்புறுத்தலும் இன்றி, வேதாகமத்தின்மேல் கைவைத்துச் சொல்வது:

என் கணவர் பந்தயக் குதிரைகள் வைத்திருந்தார். அவற்றில் லின்னெட் என்ற சாம்பல்நிறப் பெண்குதிரையை வளர்த்தது நான். பிறந்த அன்றே தாய்க்குதிரை செத்துவிட, சமையலறை அடுப்போரம் கிடத்திப் பசும்பால் புகட்டினேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. மனைவியின் உடைமை கணவனுடையது என்பதால் பந்தயப் பதிவேட்டில் அவர் பெயர்தான் இருந்தது. பதிவு செய்தவர் ஓட்டத்துக்கு முன் இறந்தால் குதிரை ஓடக்கூடாது என்பது விதி.

கடந்த ஆகஸ்ட் 14ஆம் தேதி காலை எட்டு மணிக்கு, மூன்று வாரமாக நெஞ்சுச்சளியில் படுத்திருந்த என் கணவர் இறந்தார். நான் மட்டும் அருகில் இருந்தேன். லின்னெட் ஓடவேண்டிய பந்தயம் அன்று பன்னிரண்டு மணிக்கு. அவர் கண்களை மூடிவிட்டு, அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். அதன்பிறகு கீழே வந்து, எஜமானுக்குக் கஞ்சி வைக்கும்படி வேலைக்காரி டேபிதாவிடம் சொன்னேன். அதன்பிறகு அந்தக் கஞ்சியை மேலே கொண்டுபோய் நானே குடித்தேன். கிண்ணம் காலியாகத் திரும்ப வேண்டியிருந்தது.

பத்து மணிக்குக் கணவரின் தம்பி ரால்ஃப் வந்தார். தகப்பனார் விட்டுப்போன பொலிக்குதிரைக்காகச் சண்டையிட்டு, ஒன்பது வருடமாக அண்ணன் தம்பிக்குள் பேச்சு இல்லை.

"அண்ணன் எப்படி இருக்கார், அண்ணி?"

"தூங்குறார், தம்பி."

"எழுப்ப வேணாம். சும்மா பக்கத்துல உக்காந்துட்டுப் போயிடறேன்."

அதன்பிறகு நான் மாடிக்குப் போய்ப் பூட்டிய கதவுக்கு வெளியே சிறிது நேரம் நின்றுவிட்டு, கீழே வந்து, "உங்க முகத்துல முழிக்க மாட்டேங்கிறார்" என்றேன். ரால்ஃப், "சரி அண்ணி, அவர் மேல தப்பில்ல" என்று சொல்லி, தொப்பியை முன்பின்னாக மாட்டிக்கொண்டு போனார்.

அதன்பிறகு படுக்கையறைச் சன்னலில் நின்று மேட்டுவெளியில் நடந்த ஓட்டத்தைப் பார்த்தேன். லின்னெட் முதலாவதாக வந்தது. பின்னால் கட்டிலில் கணவர் கிடக்க, நான் கைதட்டினேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. ஒரு மணிக்கு டேபிதாவை அழைத்து, எஜமான் இப்போதுதான் இறந்தார் என்றேன். அவளுக்கு வேறொன்றும் தெரியாது.

இரண்டாவதாக வந்த குதிரையின் சொந்தக்காரர் சந்தேகம் கிளப்பினார். அவருக்குச் சாட்சி இல்லை. நான் வாய்திறக்காவிட்டால் பரிசுக் கிண்ணம் எங்கள் வீட்டிலேயே இருந்திருக்கும்.

அடக்கத்தன்று ரால்ஃப் கல்லறைத் தோட்டச் சுவருக்கு வெளியே நின்றார். உள்ளே கூப்பிட்டேன்.

"அவர்தான் வேணாம்னுட்டாரே, அண்ணி. செத்தப்புறம் அவர் பேச்ச மீறலாமா?"

அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. போன வாரம் அவர் வீட்டுக்கே போய் உண்மையைச் சொன்னேன். தன் ஆறுதலுக்காக நான் கதை கட்டுகிறேன் என்று நினைத்து, எனக்கே தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டார். ஆகவே இங்கே சத்தியம் செய்து சொல்கிறேன்.

வெள்ளிக் கிண்ணத்தை மேஜைமேல் வைத்திருக்கிறேன். லின்னெட்டின் வெற்றியைப் பதிவேட்டில் அடித்துவிடலாம். ரால்ஃப் வந்தபோது அவர் அண்ணன் இறந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. அன்று விடிந்ததும் என் கணவர் கடைசியாகப் பேசியது, "ரால்ஃப் வந்துட்டானா? வந்தா மேல அனுப்பு." இதை ரால்ஃபுக்கு வாசித்துக் காட்டும்படி நீதிபதியைக் கேட்டுக்கொள்கிறேன்.

எழுத்தர் வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது. இதில் பொய் என்று இருப்பது அன்று நான் சொன்னவை மட்டுமே.

(ஒப்பம்) ஹெஸ்டர் வின்ட்ரிங்ஹம்