வெர்னாவுக்கு ஏற்ற துப்பாக்கி

பெண்களுக்குக் கனம் குறைந்த துப்பாக்கிதான் ஏற்றது என்று கடைக்காரர்கள் சொல்வார்கள், சார். நம்ப வேண்டாம். கனம் குறையக் குறைய உதை கூடும். என் மனைவி வெர்னாவின் கையில் ஒரு கடைக்காரன் இளஞ்சிவப்புக் கைப்பிடி போட்ட குட்டிப் பிஸ்டலை வைத்தான். அதன் மேல்பாகத்தைப் பின்னால் இழுத்தால்தான் தோட்டா ஏறும். அவள் இழுத்தாள், நான் இழுத்தேன், கடைசியில் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தோம்.

"திருடன் வந்தா, 'தம்பி, இந்தப் பக்கம் கொஞ்சம் பிடி'ன்னு அவனையே கூப்பிடலாம்" என்றேன்.

வெர்னா சிரித்தாள். சுடுவதற்குப் பழக்கும் மார்லீன் சிரிக்கவில்லை. முப்பது வருடம் பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் கரண்டி பிடித்துவிட்டு, ஓய்வு பெற்றபின் சனிக்கிழமைகளில் இந்த வகுப்பை எடுக்கிறவர். எங்களோடு கடைக்கு வந்திருந்தார்.

"கண்ணு, அத அங்கயே வை. உனக்கு ரிவால்வர்தான் சரி. இழுக்க வேண்டியதில்ல, திருக வேண்டியதில்ல. கொஞ்சம் கனமா இருக்கும். இருக்கட்டும், கனம்தான் கைய அசையாம வைக்கும்."

அப்படித்தான் அந்த ரிவால்வர் எங்கள் வீட்டுக்கு வந்தது. அதற்கு முன்பு பதினோரு வருடம் நான் கெஞ்சியிருக்கிறேன். நான் லாரி ஓட்டுகிறவன். திங்கள் காலை கிளம்பினால் வெள்ளி மாலைதான் வீடு. பின்னால் உறைந்த கோழி இருபது டன், மனதில் தனியாக இருக்கும் பெண்டாட்டி. எது கனம் என்று கேட்காதீர்கள். "அந்தச் சனியன் வீட்டுக்குள்ள வந்தா நான் வெளிய போயிடுவேன்" என்பாள். எங்கள் ஊரில் துப்பாக்கி இல்லாத வீடு இரண்டுதான். ஒன்று பாதிரியாருடையது, இன்னொன்று என்னுடையது. பாதிரியாரும் அந்த வசந்தத்தில் ஒன்று வாங்கிவிட்டார்.

சரி, இதையும் சொல்லிவிடுகிறேன். அவள் பயந்தவள் இல்லை. நான் இல்லாத ஐந்து நாளும் அவளுக்கு நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. பல் மருத்துவரிடம் வேலை, தேவாலயத்தில் பாட்டுக் குழு, துல்சாவிலிருந்து வந்துபோகும் அக்கா. நான் தினமும் சாலையிலிருந்து கூப்பிடுவேன். பாதி நாள் எடுக்க மாட்டாள். எடுத்தாலும், "சொல்லு கார்லண்ட், அடுப்புல வேலையா இருக்கேன்" என்பாள். அடுப்பின் மேல் எனக்குப் பொறாமை வந்தது என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். நானும் சிரித்தேன்.

ஏப்ரல் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஊருக்கு வெளியே டீசல் போடும் இடத்தில் லாரியை நிறுத்திவிட்டு, அங்கே விட்டுவைத்திருந்த என் சின்ன வண்டியில் வீட்டுக்குத் திரும்பினேன். மணி இரண்டு. வெர்னா வேலையில் இருந்தாள். பின்பக்கக் கதவின் கண்ணாடியை வெளியிலிருந்து உடைத்தேன். கண்ணாடித் துண்டு உள்ளே விழ வேண்டும் என்று எனக்குத் தெரியும். தொலைக்காட்சியில் எல்லோரும் பார்க்கிற விஷயம்தான். ஒரு ரேடியோவையும் அவளுடைய இரண்டு காதணிகளையும் எடுத்து ஆற்றில் போட்டேன். படுக்கையறையில் அவள் உள்ளாடை வைக்கும் இழுப்பறையைத் திறந்து, எல்லாவற்றையும் கட்டிலில் கொட்டினேன். அந்த ஒன்றை மட்டும் செய்யாமல் விட்டிருக்கலாம். ஆனால் ரேடியோ போனதற்காக யாரும் துப்பாக்கி வாங்குவதில்லை.

அன்று மாலை நான் டெக்ஸாஸ் எல்லையைத் தாண்டும்போது கூப்பிட்டாள். அழுதாள். இரண்டு மணி நேரம் பேசினோம். கல்யாணம் ஆன புதிதில்கூட நாங்கள் அவ்வளவு பேசியதில்லை.

"நான் வேலைக்குப் போற நேரம் யாருக்குத் தெரியும், கார்லண்ட்?"

"போன வாரம் டெல்பர்ட் புல்லு வெட்ட வந்தானே" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். பொய் இல்லை, அவன் வந்தது உண்மை. டெல்பர்ட் எங்கள் தெருவில் பத்து வீட்டுக்குப் புல் வெட்டுகிறவன், கூரைக் கால்வாயில் அடைத்த சருகை வாருகிறவன். நாற்பது வயது, அக்கா வீட்டில் இருந்தான். பின்பக்கம் வலைக்கதவு போட்ட சிறிய தாழ்வாரம் எங்களுக்கு உண்டு. வெர்னா அவனுக்குக் கூலியையும் குளிர்ந்த தேநீரையும் அங்கேதான் வைப்பாள். அவன் வலைக்கதவைத் தட்டமாட்டான். திறந்துகொண்டு வந்து, "மிஸ் வெர்னா, டெல்பர்ட்" என்று குரல் கொடுத்துவிட்டு, தேநீரைக் குடித்துவிட்டுப் போவான். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அவனுக்கு அதுதான் வழக்கம். தாழ்வாரம் அவனுக்கு வெளியே. சட்டத்துக்கு அது உள்ளே.

வெர்னா பாட்டுக் குழுவில் ஒருத்தியிடம் சொன்னாள். மாதம் முடிவதற்குள் டெல்பர்ட்டுக்குப் பத்து வீடு மூன்றாகிவிட்டது. உங்கள் போலீஸ் ஆட்கள் இரண்டு முறை அவனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். நிரூபிக்க எதுவும் இல்லை என்று விட்டுவிட்டார்கள். ஊர் விடவில்லை. ஒருநாள் கடையில் என்னிடம் வந்து, "அண்ணே, நான் இல்லண்ணே. நீங்களாவது நம்புங்க" என்றான். "எனக்கு உன்மேல எந்தச் சந்தேகமும் இல்லப்பா" என்றேன். அந்த ஊரிலேயே அதை முழு மனதோடு சொல்லக்கூடிய ஒரே ஆள் நான்தான். சொன்னேன். ஆனால் பக்கத்தில் யாரும் இல்லாதபோதுதான்.

பயிற்சிக்கு நானும் சேர்ந்துகொண்டேன். என் எதிரில் வைத்த காகித மனிதன் வாராவாரம் சேதமில்லாமல் வீட்டுக்கு நடந்தே போனான். வெர்னாவின் காகித மனிதனுக்கு நெஞ்சில் ஒரு காப்பிக் கோப்பை அளவுக்கு ஓட்டை. மார்லீன் சொல்லிக்கொடுத்ததில் பாதி சுடுவதைப் பற்றியே இல்லை.

"அறைக்குள்ள போ, பூட்டு, போலீஸ கூப்பிடு. கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவன் உன் பிரச்சின இல்ல, கண்ணு. தாண்டி வந்தா சத்தமா சொல்லு, நில்லுன்னு. அதுக்கும் மேல வந்தா ரெண்டு. ஒண்ணோட நிறுத்தாத."

வெர்னா அதை வேதவசனம்போல மனப்பாடம் செய்தாள். பகலில்கூட ரிவால்வரை மேலங்கிப் பையில் வைத்துக்கொண்டு பாத்திரம் கழுவினாள். நான் வண்டியை நிறுத்துகிற ஒவ்வொரு இடத்திலும் போன் வந்தது. உண்மையைச் சொன்னால், என் வாழ்க்கையின் நல்ல கோடைக்காலம் அது.

அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. வெர்னாவுக்கு அன்று விடுமுறை. நான் அமரில்லோ ஊருக்குப் பக்கத்தில் நின்று, பரிட்டோ என்ற ரொட்டிச் சுருளைத் தின்றுகொண்டிருந்தபோது கூப்பிட்டாள்.

"கார்லண்ட், டெல்பர்ட் வந்திருக்கான்."

"எங்க?"

"முன்னாடி தட்டினான். நான் திறக்கல. இப்ப பின்னாடி வர்றான். கையில ஏதோ வச்சிருக்கான்."

"என்னது?"

"தெரியல. பளபளன்னு இருக்கு. கார்லண்ட், வலைக்கதவத் திறக்கிறான். நான் என்ன செய்யட்டும்?"

அந்த இடத்தில்தான் நீங்கள் நின்று கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். நானும் ஆறு வாரமாக அங்கேதான் நிற்கிறேன். 'அவன் ஒண்ணும் பண்ணல, வெர்னா. கண்ணாடிய உடைச்சது நான்.' சிறிய வாக்கியம். பரிட்டோவை விழுங்கியிருந்தால் சொல்லியிருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதுண்டு. ஆனால் வாயில் இருந்த அதே பரிட்டோவோடு இன்னொரு வாக்கியத்தைத் தெளிவாகச் சொன்னேன்.

"மார்லீன் சொல்லிக்கொடுத்தபடி செய்."

அறைக்குள் போ, பூட்டு என்பதும் மார்லீன் சொல்லிக்கொடுத்ததுதான். அதை நான் எடுத்துச் சொல்லவில்லை. "நில்லு" என்று அவள் கத்துவது கேட்டது. பிறகு அவன் குரல், வழக்கம்போலவே மெதுவாக: "மிஸ் வெர்னா, டெல்பர்ட். இதக் கொஞ்சம் பாருங்க." பிறகு இரண்டு. அவள் ஒன்றோடு நிறுத்தவில்லை.

ஊர் எங்களைத் தாங்கியது. பதினான்கு வீட்டிலிருந்து சமைத்து அனுப்பினார்கள். டுனா மீனையும் பாலாடைக்கட்டியையும் ஒரு வாரம் தின்றேன். வெர்னா தின்னவில்லை. அவன் செத்து விழுந்த தாழ்வாரத்தை மூன்று முறை கழுவினாள். இப்போது பின்பக்கமே போவதில்லை. காற்றில் வலைக்கதவு அசைந்தால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு, "வரேன், டெல்பர்ட்" என்கிறாள். சொன்னது அவளுக்கே தெரிவதில்லை. சாப்பிட உட்கார்ந்தால் என்னைக் கேட்பாள்:

"நம்ம வீட்ட உடைச்சது அவன்தானே?"

"அவன்தான்."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

அதைக் கேட்டால்தான் கரண்டியை எடுப்பாள். மூன்று வேளையும் சொல்கிறேன். எனக்கு அலுப்பில்லை. ஆனால் என் போன் அடித்தால் இப்போது வாயில் இருப்பதைத் துப்பிவிட்டுத்தான் எடுக்கிறேன்.

வழக்கு இல்லை, துப்பாக்கியைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று உங்களிடமிருந்து கடிதம் வந்தது. அதற்காகத்தான் இன்று வந்தேன். நீங்கள் ரிவால்வரை எடுப்பதற்கு முன் இந்த பிளாஸ்டிக் உறையை மேசைமேல் வைத்தீர்கள். அவன் கையில் பளபளத்தது இதுதான் என்றீர்கள். உறையைத் துடைத்து, உள்ளே இருக்கும் காகிதத்தைப் படித்துக் காட்டினீர்கள். டெல்பர்ட் சிறுநீரகக் கல்லுக்காக மருத்துவமனையில் இருந்தது மூன்று நாள். ஏப்ரல் மாதத்து அந்தச் செவ்வாய்க்கிழமை அந்த மூன்றில் நடுநாள். எந்தத் தேதி என்று அவனுக்கே நினைவிருந்திருக்காது; பாவம், அந்தக் காகிதத்தைத் தேடி எடுக்க அவனுக்கு ஆறு மாதம் ஆகியிருக்கிறது. அப்படியென்றால் கண்ணாடியை உடைத்தது யார் என்று கேட்டீர்கள். கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டேன்.

வெர்னா வெளியே வண்டியில் இருக்கிறாள். தனியாக வீட்டில் இருக்க மாட்டாள். நான் லாரியை விட்டுவிட்டேன்; எங்கே போனாலும் இப்போது சேர்ந்தேதான் போகிறோம். டெல்பர்ட்டின் அக்கா மகன் என்றாவது பழிவாங்க வருவான் என்று அவளுக்குப் பயம். வரமாட்டான் என்று நான் சொல்லவில்லை, யார் கண்டது. நான் சொன்னதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள், சார், அவளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவளால் தாங்க முடியாது. அவளைப் பார்த்துக்கொள்ள என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்? துப்பாக்கிக்கு எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?