தலைமை அலுவலகத்துக்கு ஒரு குழி

வெண்டல்: ...ஆகவே, டொலிடோ மாநகரின் வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்படவிருக்கும் இந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில், 'ஈரி ஏரி விடியல் வீட்டு முதலீட்டுக் குழும'த்தின் தலைமை அலுவலகம், நம் வீட்டு முன்புறப் புல்வெளியில், இதோ...

டோரின்: குழுமத்துல எத்தனை பேரு?

வெண்டல்: குறுக்கே பேசாதே டோரின். இதோ, இந்தப் பலகை நடப்படுவதன் மூலம் திறந்துவைக்கப்படுகிறது. நான் ஒருத்தன்தான். பெண்டாட்டியும் சேர்ந்தா ரெண்டு. கைதட்டு.

டோரின்: ஒரு கையில காபி, ஒரு கையில பிஸ்கட். எதால தட்ட?

வெண்டல்: நேத்து சுட்டதா? இலவங்கப்பட்டை வாசனை தெருமுனை வரைக்கும் வந்துச்சு. சனிக்கிழமை தவறாம சுடுற, ஆனா நான் ஊர் சுத்திட்டு வர்றதுக்குள்ள பாதித் தட்டு காலி.

டோரின்: சனிக்கிழமைன்னா எனக்குப் பசி ஜாஸ்தி. அந்தப் பலகையில என்ன எழுதியிருக்க?

வெண்டல்: 'வீடு வாங்குகிறோம். எந்த நிலையில் இருந்தாலும்.'

டோரின்: நடு, நடு. குப்பைத்தொட்டி ஓரமா நடு. ரோஜாச் செடிப் பக்கம் மட்டும் வேண்டாம்.

வெண்டல்: தலைமை அலுவலகத்தை எவனாவது குப்பைத்தொட்டி ஓரமா வைப்பானா? ரோஜாவுக்கும் நடைபாதைக்கும் நடுவுல. கார்ல போறவன் கண்ணுல படணும். மம்பட்டியைக் கொடு.

டோரின்: வேரு அறுந்துடும் வெண்டல்.

வெண்டல்: வரலாறுன்னா நாலு வேரு அறத்தான் செய்யும்.

டோரின்: வசந்தத்துலருந்து சனிக்கிழமை சனிக்கிழமை வண்டியில சுத்துறியே. ஒரு வீடாவது அகப்பட்டுச்சா?

வெண்டல்: அகப்படும். தொழிலோட சூட்சுமமே உனக்குப் புரியல. ஒருத்தர் வீட்டை விக்கணும்னு தரகர்கிட்ட கொடுக்கிறார். ஆறு மாச ஒப்பந்தம். விக்கல. ஒப்பந்தம் காலாவதி. தரகர் பலகையைப் பிடுங்கிட்டுப் போயிடுவார். சொந்தக்காரர் மனசு உடைஞ்சு உக்காந்திருப்பார். அந்த நேரம் பார்த்துக் கதவைத் தட்டணும்.

டோரின்: மனசு உடைஞ்சவங்க கதவையா?

வெண்டல்: ஆறுதல் சொல்லத்தான். கூடவே கொஞ்சம் குறைஞ்ச விலையும் சொல்றது.

டோரின்: காலாவதியான வீட்டுப் பட்டியல் தரகருங்களுக்குத்தானே திறக்கும்? உனக்குத்தான் உரிமம் கிடையாதே.

வெண்டல்: விமான நிலைய ஹோட்டல்ல வீடு வாங்கி விக்கப் பயிற்சி கொடுத்தாரே ஒருத்தர், அவர் என்ன சொன்னார் தெரியுமா? 'உரிமம் உள்ளவன் பட்டியலைப் பார்ப்பான். உறுதி உள்ளவன் தெருவைப் பார்ப்பான்.' மொத்தக் கூட்டமும் எழுந்து நின்னுச்சு. ஒருத்தர் அழுதார்.

டோரின்: அவருக்குச் சாப்பாடு கிடைக்காம இருந்திருக்கும். ஏன், கம்ப்யூட்டர்ல தேடினா விக்கிற வீடெல்லாம் படத்தோட வருதாமே?

வெண்டல்: அது சோம்பேறிங்க வழி. நான் ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை.

டோரின்: அது... ரொம்ப நல்லது.

வெண்டல்: எனக்குக் கண்ணு இருக்கு. புல்லுல பலகை நின்ன ஓட்டை. வீடு காட்டத் தரகர் சாவி வச்சுட்டுப் போற சாவிப்பெட்டி கதவுல தொங்கின கீறல். நம்ம கத்தோலிக்கக் கோயில் ஆளுங்களா இருந்தா இன்னும் சுலபம். சூசையப்பர்.

டோரின்: அவர் எங்க இதுல வந்தார்?

வெண்டல்: வீடு விக்கணும்னு வேண்டிக்கிட்டு அந்தப் புனிதரோட சின்னச் சிலையை, அதான் சுரூபத்தை, தோட்டத்துல தலைகீழா புதைப்பாங்கல்ல? வித்துட்டா தோண்டியெடுத்துப் புது வீட்டுக்குக் கொண்டுபோவாங்க. விக்கலைன்னா அவர் பாட்டுக்கு மண்ணுக்குள்ளேயே நிக்க வேண்டியதுதான். அதனால தோட்டத்துல எங்க மண்ணு புதுசாத் தெரியுதோ... என்ன இது? ஏதோ தட்டுது.

டோரின்: கல்லு. மூடிட்டு உள்ள வா.

வெண்டல்: கல்லுக்குக் காலு இருக்குமா? செருப்புப் போட்ட காலு... டோரின். சூசையப்பர்.

டோரின்: முன்னாடி இருந்தவங்க புதைச்சிருப்பாங்க.

வெண்டல்: முன்னாடி இருந்தது உன் அத்தை. உன் பேருக்கு வீட்டை எழுதிவச்சுட்டுப் போன புண்ணியவதி. அவங்க லூத்தரன் சபை, சுரூபம்னாலே ஆகாது. இதுல சாயம்கூடப் போகல...

டோரின்: மார்ச் மாசம் நீ வேலை பார்த்த கார்பெட் கடை மேனேஜர் போன் பண்ணார். வேலையை விட்டுட்டுப் போன உங்க வீட்டுக்காரர் காபிக் கோப்பையை மறந்துட்டார், வந்து எடுத்துக்கச் சொல்லுங்கன்னார்.

வெண்டல்: ...நீ சொல்லவே இல்லையே.

டோரின்: நீயும்தான் சொல்லல. மறுநாளும் டை கட்டி, சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கிட்டு, 'கடைக்குப் போயிட்டு வர்றேன்'னே. தினமும் அப்படித்தான் போற. வேற தெருவைப் பார்த்துட்டு வர்ற.

வெண்டல்: முதல் வீடு கிடைச்சதும் சொல்லலாம்னு...

டோரின்: கையிருப்பு கரையறதுக்குள்ள சின்ன வீடாப் பார்த்துப் போயிடலாம்னு ஏப்ரல்ல இந்த வீட்டை விக்கத் தரகர்கிட்ட கொடுத்தேன். வாசல்ல பலகை வேண்டாம்னு சொல்லிட்டேன். சாவிப்பெட்டி நம்ம பக்கவாட்டுக் கதவுல, கேஸ் மீட்டர் பின்னாடி. நீ அந்தக் கதவைத் திறந்து பத்து வருஷம் ஆகுது.

வெண்டல்: அந்த பிஸ்கட்...

டோரின்: வீடு பார்க்க வந்தவங்க தின்னது. வாசனைக்கு மயங்குவாங்க, அப்புறம் நீ கார்பெட் துண்டு அடுக்கிவச்சிருக்கிற அறையைப் பார்ப்பாங்க. அதோட சரி. ஒருத்தரும் வாங்கல. நேத்தோட ஒப்பந்தம் முடிஞ்சுது.

வெண்டல்: ஆறு மாசம். விக்கல...

டோரின்: மேனேஜர்கிட்ட பேசிட்டேன். நாளைக்குக் காலையில உன்னைத் திரும்ப வேலைக்கு வரச் சொன்னார். கோப்பை இன்னும் அங்கதான் இருக்காம். போகலைன்னா நாளை மறுநாள் வேற தரகர் வருவார். இந்தத் தடவை பலகையோட.

வெண்டல்: இரு, இரு. ஒப்பந்தம் காலாவதி. சொந்தக்காரர் மனசு உடைஞ்சு நிக்கிறார். உரிமம் இல்லாம, பட்டியல் இல்லாம, ஒரு மம்பட்டியை வச்சுக்கிட்டு... டோரின், நான் கண்டுபிடிச்ச முதல் வீடு இது.

டோரின்: ஆமா. இதுலதான் நீ குடியிருக்க.