ஜேபஸ் பிடித்த கொடி

– ஆமோஸக் கேக்காதீங்க. என் தம்பி வரமாட்டான்.

– நீ சொன்னா வருவான் டார்கஸ். அக்கா பேச்சத் தட்டுறவனா அவன்? நம்ம நீராவி வண்டிக்கு முன்னால கொடியப் புடிச்சுக்கிட்டு நடக்கணும். அவ்வளவுதானே வேலை!

– ஜேபஸ்கிட்டயும் இதையேதான் சொன்னீங்க. அவ்வளவுதானே வேலைன்னு.

– ஆரம்பிச்சிட்டியா?

– என் பெரிய தம்பியப் பொதச்ச எடத்துல இன்னும் கல்லுகூட வைக்கல. இந்தக் கறுப்புத் துணிய நான் இன்னும் மாத்தல. அதுக்குள்ள உங்க சின்ன மச்சினனக் கேக்குறீங்களே எஃப்ரைம், எப்படிங்க மனசு வந்துச்சு?

– வேற யாரு இருக்கா, சொல்லு பாப்போம்? ஊர்ல ஒருத்தனும் வரமாட்டேங்குறான். பீரு வாங்கித் தர்றேன்னேன், குடிகாரன்கூட தலைய ஆட்டிட்டுப் போயிட்டான். முன்னால ஆள் நடக்காம வண்டி தெருவுல எறங்கக் கூடாதுன்னு சட்டம். நாளைக்கு லீட்ஸ் பட்டணத்துலேர்ந்து பணம் போடுற பெரிய மனுசங்க வர்றாங்க. தேவாலயத்து மேட்டுலேர்ந்து சந்தை வரைக்கும் ஓட்டிக் காட்டலேன்னா பட்டறைய இழுத்து மூட வேண்டியதுதான். புள்ளையாட்டம் பாத்துப் பாத்துச் செஞ்ச வண்டி டார்கஸ்.

– புள்ளையாம் புள்ள. ஆளத் தின்ன புள்ள.

– வண்டி மேல பழி போடாத. மழை பேஞ்ச ரோடு. எறக்கத்துல கால் வழுக்கி விழுந்தான், வண்டி ஏறிடுச்சு. விசாரணையில அப்படித்தானே எழுதினாங்க?

– நீங்க சொன்னத எழுதினாங்க.

– பிரேக்கு அன்னிக்கும் சரியாத்தான் இருந்துச்சு. இப்ப அதுக்குப் புதுத் தோல் பட்டையும் போட்டாச்சு. கொழந்தகூட ஓட்டலாம், பாத்துக்க.

– கொழந்தகூடவா?

– பிரேக்குக் கம்பியப் புடிச்சு இழுத்தா நின்னுரும். அதுல என்ன வித்தை இருக்கு?

– அப்ப சரி. ஆமோஸ் மில்லுல தறியோடயே கெடக்கட்டும். வண்டிய நான் ஓட்டுறேன்.

– நீயா!

– எத்தன தடவ உங்க பக்கத்துல உக்காந்து வந்திருக்கேன், ஒரு கம்பிய இழுக்கத் தெரியாதா எனக்கு? முன்னால ஆள் நடக்கணும்னுதான சட்டம், யாரு நடக்கணும்னு இல்லையே. நீங்க நடங்க. இந்தாங்க, ஜேபஸ் புடிச்ச கொடி. தொவைச்சுத்தான் வச்சிருக்கேன், கறைதான் போகல.

– டார்கஸ்…

– வாங்குங்க. என்ன, பின்னால நகர்றீங்க?

– நாளைக்கு வர வேண்டாம்னு லீட்ஸ்காரங்களுக்கு ஒரு தந்தி அடிச்சிடலாம். அந்தப் பிரேக்க… இன்னொரு தடவ பிரிச்சுப் பாக்கணும்.