சீமையிலுள்ள ஆளுக்கு ஒரு அர்ச்சனை

கீரிமலைக் கோயிலில் அர்ச்சனை வரிசை நகரவேயில்லை. முன்னால் நின்ற தம்பதியின் பேச்சைக் கேட்காமலிருக்க எனக்கு வழியும் இல்லை. கேணியில் குளித்த ஈரம் காயாத தலையோடு கணவர் சொன்னார்:

“அர்ச்சனை எனக்கில்லை. லண்டனிலை என்ரை கணிதக் கட்டுரையைப் படிக்கிற ஆளுக்கு.”

“ஆர் அவர்?” என்று கேட்டார் மனைவி.

“தெரியாது. சஞ்சிகைக்காரர் கட்டுரையை வேறொரு கணித நிபுணரிட்டைக் குடுப்பினம். அவர் சரியெண்டு சொன்னால்தான் அச்சிலை வரும். அவரின்ரை பேரை எங்களுக்குச் சொல்லமாட்டினம்.”

“போன முறை திருப்பி அனுப்பச் சொன்னதும் உவர்தானோ?”

“ஓம். நிறுவல் விளங்கேல்லையாம்.”

“அப்ப நீங்கள்தான் எங்கையோ பிழை விட்டிருப்பியள்.”

“ஒரு பிழையும் இல்லை. ஒரு எழுத்தும் மாத்தாமல் திரும்ப அனுப்பியிருக்கிறன்.”

“ஐயோ, ஒரு எழுத்தும் மாத்தாமலோ?”

“நீர் தட்டைப் பிடியும்.”

அவர்களின் முறை வந்தது. “ஆரின்ரை பேருக்கு? என்ன நட்சத்திரம்?” என்றார் ஐயர்.

“பேரும் தெரியாது, நட்சத்திரமும் தெரியாது, ஐயா. ஆள் சீமையிலை. அவருக்குக் கொஞ்சம் புத்தி தெளியவேணும்.”

ஐயர் தட்டுக்குக் கை நீட்டினார்.

“அப்ப சுவாமியின்ரை பேருக்கே செய்யிறன்.”

மனைவி நீட்டிய தட்டைக் கணவர் பின்னால் இழுத்தார்.

“சுவாமிக்கு என்ரை நிறுவல் எப்பவோ விளங்கியிட்டுது, ஐயா. விளங்காமல் இருக்கிறது அந்தாளுக்குத்தான்.”