முகவரிப் பெட்டி

சாப்பிட்ட கையோடு கீபோர்டைத் தொடுபவர்களை எனக்குப் பிடிக்காது. எங்கள் டீம் லீடர் அந்த ரகம். அவர் எழுந்து போனபின் எழுத்துகளுக்கிடையே ரொட்டித் துணுக்குகள் நமுத்துக் கிடக்கும், திரையில் எண்ணெய் விரல்தடம் மின்னும். பார்த்தாலே எனக்குக் குமட்டும். துடைப்பது நான்தான். வயதில் சின்னவர், என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். அதனால் எதுவும் சொன்னதில்லை.

எங்களுடையது ஆம்புலன்ஸ் அழைக்கும் இணையதளம். போனில் கூப்பிட்டாலும் எடுப்பவர் அதில்தான் பதிய வேண்டும். எவரோ எழுதி இலவசமாக விட்ட மென்பொருளின் மேல் அதைக் கட்டியிருந்தோம். அதில் ஓர் ஓட்டை இருந்தது. முகவரிப் பெட்டியில் சிக்கலான எழுத்துக் குப்பையை ஒருவிதமாகத் திணித்து அனுப்பினால், சர்வர் அதைப் படித்து முடிக்க முடியாமல் திணறும். பின்னால் வருகிறவர்கள் எல்லாரும் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

ஓட்டையை அடைக்கும் திருத்தம் வந்துவிட்டது, போட்டுவிடலாம் என்று லீடரிடம் சொன்னேன்.

"நல்லாத்தானே ஓடிக்கிட்டிருக்கு? எதுக்குண்ணே சும்மா நோண்டறீங்க?" என்றார், பல்லைக் குத்திக்கொண்டே. குத்தியதைப் பார்த்துவிட்டு மறுபடி வாயில் வைத்தார்.

அவர் விடுப்பில் இருந்த ஒரு மதியம் அந்தக் குப்பையை அனுப்பினேன். கோபமெல்லாம் இல்லை. கண்ணால் கண்டால்தான் நம்புவார்கள் என்று தோன்றியது.

கொஞ்ச நேரத்தில் அவரே போன் செய்தார். "அண்ணே, அப்பா நெஞ்சப் பிடிச்சிக்கிட்டு விழுந்துட்டாரு. ஆம்புலன்சுக்குப் போட்டா பக்கம் சுத்திக்கிட்டே நிக்குது. கொஞ்சம் பாருங்கண்ணே."

பின்னால் பெரியவர் வாந்தியெடுக்கும் சத்தம் கேட்டது. எனக்கு அது ஆகாது. போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

"பாக்கறேன்" என்றேன்.

அதற்குள் சர்வர் தானாகவே எழுந்துகொண்டது. காத்திருந்த அழைப்புகள் ஒவ்வொன்றாக நகர ஆரம்பித்தன. வரிசையில் லீடரின் வீட்டு முகவரியையும் பார்த்தேன். ஆனால், சர்வர் ஒரே ஒரு தடவை விழுந்தால் தற்செயல் என்று சொல்லி மூடிவிடுவார்கள், இல்லையா? அதனால் மறுபடி அனுப்பினேன். அது மூச்சு விடும்போதெல்லாம் அனுப்பினேன்.

பெரியவரைப் பக்கத்து வீட்டுக்காரர் காரில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். வழியிலேயே முடிந்துவிட்டதாம்.

அன்று மாலையே ஓட்டையை அடைத்துவிட்டார்கள். இனிமேல் எந்தக் கெட்டவனும் அந்த வழியாக வந்து ஓர் உயிரை எடுக்க முடியாது. வாக்குமூலத்தில் அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள், சார்.